கண்ணாடி அறையில் தூசி

கண் மருந்து நிரப்பும் அறையில் தூசி எண்ணும் கருவி மறுபடி அலறியது.

மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறியது. நேற்றும் இப்படித்தான், அவர் மேற்பார்வைக்கு வந்த நேரம் பார்த்துக் கூவியது. நிரப்பிய மருந்து அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

ஜன்னல் வெயிலில் தூசி மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவிக்கும் அதே வேலைதான். அறைக் காற்றை உறிஞ்சி லேசர் ஒளிக்குக் குறுக்கே விடும். கண்ணுக்குத் தெரியாத துகளும் அங்கே மினுக்கும். ஒவ்வொரு மினுக்கலையும் எண்ணும், அளவு மீறினால் கத்தும். முகதாட்சண்யமே கிடையாது.

உள்ளே இருந்தது அவரும் மிஷின் ஓட்டும் பெண்ணும்தான். இருவருக்கும் தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி, முகமூடி.

"பவுடர் பூசிட்டு வந்தியா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப இது யார் மேல இருந்து கொட்டுது? என் மேல இருந்தா?"

பதில் இல்லை. அசையாமல் நின்றாள். கண்ணில் மட்டும் நீர் முட்டியது. அவள் வேலையை நிரந்தரமாக்கவிருந்த நேரம் அது.

அந்த மௌனம் எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்தது. திமிர் என்றார், கல்லுளிமங்கி என்றார், கையை வீசி வீசிக் கத்தினார். எண்ணிக்கை ஏறியது. நீ நிற்க நிற்க ஏறுது பார் என்று அதையும் அவள் தலையிலேயே கட்டினார்.

"வெளிய போ. இனி இந்த அறைக்குள்ள நீ கால் வைக்கக் கூடாது."

போனாள். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு கருவியையே முறைத்தார். எண்ணிக்கை மளமளவென்று இறங்கி, அலறல் நின்றது. தொலைந்தது பீடை.

சுவரிலிருந்த போனை எடுத்தார். வேறு ஆளை அனுப்பு, அவளுக்குக் கணக்கை முடி என்று ஆபீஸுக்கு முழங்கினார்.

கருவி அலறியது.

சுற்றுமுற்றும் பார்த்தார். ஈ காக்கை இல்லை. போனை வைத்தார். கொஞ்சத்தில் அடங்கியது.

உடை மாற்றும் அறையில் அவள் கையுறையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தாள். மேனேஜர் அங்கே வந்து முகமூடியை இறக்கினார். கோபம் போக்கிடம் தெரியாமல் அவள் மேலேயே பாய்ந்தது.

"நான் கத்துறதாலதான் அது அலறுதுன்னு உனக்குத் தெரியும்ல? அங்கேயே சொன்னா என்ன?"

"உள்ள நின்னு பேசினா வாயிலேருந்து துகள் பறக்கும், உயிரே போனாலும் பேசக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதானே சார்?"