நிறம் போன பட்டியல்

கலெக்டர் ஆபீசில் கேட்டார்கள் என்று, நிலச்சரிவு முகாமின் பட்டியலை பிரதீஷ் வெறும் எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தான். பெயர் வரிசையில் இருந்த நிறமெல்லாம் போய்விட்டது. பச்சை என்றால் பிழைத்தவர், சிவப்பு என்றால் இறந்தவர், நிறமில்லை என்றால் இன்னும் தேடப்படுபவர். இப்போது எல்லோரும் ஒரே கறுப்பில் கலந்து நின்றார்கள்.

"எக்செல்லா ஒரு காப்பி வச்சிருக்கக் கூடாதா பிரதீஷே?" நேற்று பொறுப்பேற்ற வில்லேஜ் ஆபீசர் லிஸி கேட்டாள். "யாரு இருக்கா, யாரு போயிட்டான்னு இனி எப்படித் தெரியும்?"

"எனக்கு மனப்பாடம் மேடம்."

நூற்றுப்பன்னிரண்டு பெயர்களையும் பார்த்துப் பார்த்து, நினைவிலிருந்தே மறுபடி நிறம் பூசி முடித்தான். லிஸி சரிபார்த்தாள்.

"நாற்பத்து மூணு, அனகா, ஏழு வயசு. நிறமே இல்லையே. இன்னும் கிடைக்கலையா?"

"தேடட்டும் மேடம்."

செவ்வாய்க்கிழமை தன் மகளைப் புதைத்துவிட்டு வந்து, அந்தப் பெயருக்கு முதலில் சிவப்பு பூசியவனும் அவன்தான்.