நடைப் பொருத்தம்

“இது உங்க பொண்ணு நடையே இல்ல!” ஜாதகத்தோடு, நடப்பதை வைத்து உடம்பின் எதிர்காலத்தைச் சொல்லும் கருவியிலிருந்து பெண்ணின் நடைக் கணிப்பையும் வாங்கிப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா ஷர்மிளா, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். “எடை சரிதான். ஆனா அதுல முப்பது கிலோ முதுகுல தொங்குதாம். உங்க மக தொப்பையை முதுகுலயா போட்டிருக்கா?”

பெண்ணின் அம்மா பிரியதர்ஷினி ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள். மகள் மிருதுளாவின் பருத்த உடம்புக்கு நாற்பது வயதிலேயே முழங்கால் தேயும் என்ற கணிப்பால் இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. அதனால்தான் இம்முறை தன் தங்கையின் ஒல்லியான மகள் ரித்திகாவின் முதுகில், எடை சரியாக வர அரிசி மூட்டையைக் கட்டி, மிருதுளா பெயரில் நடக்கவிட்டாள்.

“சரி விடுங்க, சுமந்தது யாரு?” ஷர்மிளாவின் குரல் திடீரென்று தேனாய் இனித்தது. பிரியதர்ஷினிக்குச் சுருக்கென்றது.

சந்தேகம் வீண்போகவில்லை. தை பிறந்ததும் ரித்திகாவைத்தான் கட்டிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை வீடு நான்காவது மாடியாம், லிஃப்ட் கிடையாதாம்.