தர்பூசணிக்குப் பயந்த கடற்படை

பிரெஞ்சுக் கடற்படையை ஒரே ஒரு தர்பூசணியால் தரையில் படுக்க வைத்தவன் இந்த உலகத்தில் தான் ஒருவன்தான் என்றார் பக்கிரிசாமி.

பிரெஞ்சுக்காரன் மட்டுமா? எதிர்த்து நின்ற துனீசியாக்காரனும் படுத்தானாம். துறைமுகத்துப் பூனைகள்கூடப் படுத்தனவாம்.

மகள் ஷர்மினி கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான் ஞாபகத்தைச் சோதிக்க அப்பாவிடம் டாக்டர் நிலானி கேட்ட கேள்வி. தர்பூசணி என்று சரியாகத்தான் ஆரம்பித்தார். அங்கிருந்து கப்பலேறிவிட்டார்.

போன வாரம் அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டுக் கோப்பிக் கடைக்குப் போய்விட்டார். கெட்டில் கருகி, சுவர் கருகி, தீயணைப்பு வண்டி வந்து, அவர்கள் குடியிருக்கும் சுங்கை பினாங் அடுக்குமாடியே கீழே இறங்கி நின்றது. கெட்டில் வீரமரணம் அடைந்ததாக அவர் அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார்.

ஷர்மினிக்குப் பகலெல்லாம் மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை. அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. புத்தி தடுமாறுகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால் சேர்த்துவிட, செபராங் ஜெயாவில் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பார்த்து வைத்திருந்தாள்.

தீவை விட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போவதையே வெளிநாட்டுப் பயணமாக நினைக்கிறவர் அவர். இல்லத்தைப் பற்றிச் சொன்னபோது அழவில்லை, கோபப்படவில்லை. அங்கே கதை கேட்க ஆள் இருக்குமா என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

டாக்டர் தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அது போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. துனீசியா சுதந்திரம் வாங்கி ஐந்து வருடமாகியும், பிசெர்ட் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தை மட்டும் விடமாட்டேன் என்று பிரெஞ்சுக்காரன் உட்கார்ந்திருந்தான், காலி செய்ய மறுக்கிற வாடகைக்காரன் மாதிரி. சண்டை மூண்டது. சர்க்கரை இறக்க வந்த கப்பல் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டது. அதன் சமையற்கட்டில் பத்தொன்பது வயது பக்கிரிசாமி.

பிரெஞ்சுச் சிப்பாய்கள் வானத்திலிருந்து குடையில் இறங்கினார்களாம். மழையில் ஈசல் விழுகிற மாதிரி விழுந்தார்களாம். அவர் வைத்திருந்த மீன்குழம்புச் சட்டியிலேயே மூன்று குண்டு பாய்ந்து, குழம்புக்கு அதனால் தனி ருசி வந்ததாம்.

கப்பலுக்குக் கண்பட்டுவிட்டது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. பூசணி சுற்றி உடைத்தால்தான் சரியாகும். அந்த ஊரில் பூசணிக்கு எங்கே போவது? கண்ட இடமெல்லாம் தர்பூசணிதான்.

"நல்லதாப் போச்சு டாக்டர். உள்ளேயே சிவப்பா இருக்கு, குங்குமம் எதுக்குலா?"

பழத்தின் தலையில் கற்பூரத்தை ஏற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு துறைமுக மேடையின் நடுவுக்கே நடந்தார். உருண்டையாக ஒன்று, உச்சியில் தீ. இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் அதைப் பார்த்தார்கள். இவர் நிதானமாகச் சுற்றினார். ஓங்கித் தரையில் போட்டார். சிவப்புச் சிவப்பாகச் சிதறியது. அத்தனை பேரும் தலையைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கண்டுபிடிக்கவே அவர்களுக்குப் பத்து நிமிடம் பிடித்ததாம்.

"புளுகு," என்றார் ஷேக் அலாவுதீன்.

அலாவுதீன் மாமா அதே கப்பலில் இஞ்சின் அறையில் இருந்தவர். அப்பா கதையை முடித்ததும் கோப்பையைக் கீழே வைத்துப் புளுகு என்பது அறுபது வருட வழக்கம். உடனே கோப்பிக் கடை முழுக்கச் சிரிக்கும். இன்றைக்குத் துணைக்கு என்ற பெயரில் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

இங்கே யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் ஷர்மினியிடம் மெதுவாகச் சொன்னார். கூட்டிச் சொல்வது வியாதியில்லை. நடக்காததை நடந்ததாகவே நம்ப ஆரம்பித்தால்தான் தனியாக விடக்கூடாது. பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"அங்கிள், கப்பலுக்குத் திருஷ்டின்னா கப்பல் பக்கத்துலயே உடைச்சிருக்கலாமே. ரெண்டு பக்கமும் சுடறப்போ ஏன் அவ்ளோ தூரம் நடுவுக்குப் போனீங்க?"

கெட்டில் எரிந்ததற்கே பதில் வைத்திருந்த மனிதர் குனிந்து தரையைப் பார்த்தார்.

ஷர்மினி காத்திருந்தாள். காற்று அடித்தது, சாமி உத்தரவு, பிரெஞ்சு அட்மிரல் கையசைத்துக் கூப்பிட்டார், எதையாவது சொல்லக்கூடாதா? அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்க்கவில்லை. அலாவுதீனை மறந்தும் பார்க்கவில்லை.

"எனக்கு ஞாபகமில்ல," என்றார் கடைசியில்.

அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. அப்படியென்றால் புத்தி தடுமாறத்தான் ஆரம்பித்துவிட்டது. செபராங் ஜெயாதான்.

அலாவுதீன் தொண்டையைச் செருமினார்.

"நடந்துச்சும்மா. எல்லாத்தையும் கூட்டிச் சொல்ற பய, இத மட்டும் கொறச்சுச் சொல்லிக்கிட்டுத் திரியறான்."

சும்மா இருடா என்று அப்பா அதட்டினார். அலாவுதீன் காதில் வாங்கவில்லை. அப்படியானால் இத்தனை வருடமாக ஏன் புளுகு என்றீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"நெசம்னு சொன்னா, நீ அப்ப எங்கலா இருந்தேன்னு அடுத்த கேள்வி வரும்ல? சிகரெட் வாங்க எறங்கினவன், சுட ஆரம்பிச்சதும் நடு மேடையில கிரேனுக்கு அடியில படுத்துட்டேன். ஒரு காயம் இல்ல. காலுதான் எந்திரிக்கல. கால்சட்டைய நனைச்சுக்கிட்டு, அம்மா அம்மான்னு கத்திக்கிட்டுக் கெடந்தேன். கப்பல்ல அத்தன பேரு நின்னு பாத்தானுங்க, ஒருத்தன் எறங்கல. இவன்தான் பழத்தத் தூக்கிக்கிட்டு வந்தான். அத்தன பேரும் குப்புறக் கெடந்தப்ப என்னை இழுத்துக்கிட்டுப் போனான், என் மானம் போகக்கூடாதுன்னுதான் இப்ப ஞாபகமில்லங்கறான்."