ஜெபராணியின் கைதி

சிறைகளை மூடிய பிறகு தண்டனையெல்லாம் அவரவர் வீட்டில்தான். குடும்பத்தோடு இருந்தால் கைதி திருந்துகிறான் என்று ஆராய்ச்சி சொல்லிவிட்டது.

அடித்துக் கையை ஒடித்த கணவன் ஸ்டீபன்மேல் ஜெபராணி போட்ட வழக்கில் அவனுக்கு மூன்று வருடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்த அதிகாரி அவன் காலில் ஒரு பட்டையை மாட்டினார். அவள் காலிலும் ஒன்றை மாட்டினார்.

“எனக்கு எதுக்கு சார்?”

“காவலுக்கு வீட்டாளு ஒருத்தர் கூடவே இருக்கணும்மா. நீங்களும் வாசலைத் தாண்டக் கூடாது.”

“எங்கம்மா வீட்டுக்குப் போயிரலாம்னு இருந்தேன்.”

“அதெல்லாம் தண்டனை முடிஞ்ச பெறவு பாத்துக்கலாம்.”

இதுவரை பகலிலாவது அவன் உப்பளத்துக்குப் போய்விடுவான்.

அதிகாரி கிளம்பியதும் கதவு தானே பூட்டிக்கொண்டது. ஸ்டீபன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“கேசு ஜெயிச்சிட்டேல்லா. போயி காப்பி போடு.”