அவரும் உன்னை மாதிரிதான்

வித்வான் இன்னும் மேடைக்கு வரவில்லை. மிருதங்கம் மட்டும் உறை கழற்றப்பட்டு ஜமுக்காளத்தின் மேல் இருந்தது.

அவன் மகளைப் பார்த்தான்.

அல்லி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மழை வந்து கச்சேரி நின்றுபோனால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். கரூரில் பங்குனியில் மழைக்கு வழியில்லை.

திருவிழா நோட்டீசில் வித்வானின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு. வீடியோ சார் வர்றாரு. வீடியோ சாரைப் பாக்கோணும்.

வேலை இருக்கிறது என்றான். தலை வலிக்கிறது என்றான். கடைசியில் வண்டியை எடுத்தான்.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவன் தொழில். அந்தத் தொழில்தான் இப்போது அவனை மாட்டிவிட்டிருந்தது.

அல்லிக்கு எல்லாமே இடது கை. பென்சில், பந்து, பல் துலக்குவது. மிருதங்கமும் அப்படியே.

வகுப்பு மாஸ்டர் நல்ல மனிதர். வீட்டில் பார்த்துப் பழகுவதற்குப் பாட வீடியோக்கள் அனுப்புவார். எல்லாவற்றிலும் இதே வித்வான். வலது கைக்காரர்.

"வலது கையிலயே பழகட்டும்ங்க," என்றார் மாஸ்டர். "படத்துல எல்லாரும் அப்படித்தானே வாசிக்கறாங்க."

பழகினாள். வலது கை அடித்தது. மிருதங்கம் பேசவில்லை.

ஒரு நாள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தாள்.

"என்னைய மாதிரி யாருமே இல்லீங்கப்பா."

அழவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, படத்தை இடம் வலமாகத் திருப்பினான்.

வித்வான் இடது கைக்காரர் ஆனார்.

'வலது கை' என்று அவர் சொல்லும் இடங்களில் சத்தத்தை வெட்டினான். பின்னால் இருந்த பேனர் எழுத்துக்களை மங்கலாக்கினான். எந்தக் கல்யாண வீடியோவுக்கும் அவன் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினான்.

"பாரு. அவரும் உன்னை மாதிரிதான்."

அவள் திரைக்குக் கிட்டே போய் நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். மிருதங்கத்தை இழுத்துப்போட்டுத் தூசியைக்கூடத் துடைக்காமல், கறுப்பு வட்டம் இடது பக்கம் வரும்படி திருப்பி வைத்து உட்கார்ந்தாள்.

அன்று வீட்டில் முதல்முறையாக மிருதங்கம் பேசியது.

பந்தலில் கைதட்டினார்கள். வித்வான் வந்துவிட்டார். படத்தில் இருப்பதைவிடக் குள்ளம். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். மிருதங்கத்தை அருகில் இழுத்தார்.

கறுப்பு வட்டம் வலது பக்கம் இருந்தது.

வலது கை இறங்கியது.

அவன் பந்தல் துணியைப் பார்த்தான். சீரியல் பல்புகளைப் பார்த்தான். பக்கத்து நாற்காலியைப் பார்க்க முடியவில்லை.

பாட்டு முடிந்து தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தபோதுதான் திரும்பினான்.

அல்லி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அல்லி," என்றான். "அந்த வீடியோ…"

"தெரியுமுங்கப்பா."

"என்ன தெரியும்?"

"மாஸ்டர் போன்ல பாத்தேன். அதுல வலது கை."

"எப்ப?"

"அரையாண்டு லீவுக்கு முந்தி."

மாதக்கணக்கு ஆகியிருந்தது. அன்று அவள் வீட்டுக்கு வந்து என்ன செய்தாள் என்று யோசித்துப் பார்த்தான். எதுவும் நினைவுக்கு வரவில்லை. எல்லா நாளையும் போல உட்கார்ந்து வாசித்திருக்க வேண்டும். இடது கையில்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அவ்வளவு ஆசையாக் காட்டுனீங்களே."

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டு கேட்டான்.

"அப்புறம் எதுக்கு இவரைப் பாக்கோணும்னு அடம் புடிச்சே?"

என்ன கேள்வி இது என்பதுபோல அவள் பார்த்தாள்.

"நல்லா வாசிக்கறாருங்கப்பா!"

சொல்லிவிட்டு மேடைக்குத் திரும்பிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பாலத்துக் காற்று பலமாக இருந்தது. அவள் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு கத்திப் பேசினாள்.

"கிளாஸ்ல புதுசா ஒரு பாப்பா சேந்திருக்குதுங்கப்பா. ஷஹீனா. அதுவும் இடது கைதான். மாஸ்டர் அதே வீடியோவைத்தான் அனுப்பியிருக்காரு."

அவன் வண்டியை மெதுவாக்கினான்.

"அந்தப் பாப்பாவுக்கும் படத்தைத் திருப்பிக் குடுக்கட்டுமா?"

முதுகில் அவள் தலை இப்படியும் அப்படியும் அசைந்தது.

"வேண்டாம். என்னைய எடுங்க."

மறுநாள் காலை. மொட்டை மாடி. அவளே பாய் விரித்தாள். அவளே இடம் பார்த்து உட்கார்ந்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

அவன் எதிரில் மண்டியிட்டுக் கேமராவைக் கையில் பிடித்திருந்தான்.

"இது மொதப் பாடம்," என்றாள் கேமராவிடம். "மெதுவாத்தான் வாசிப்பேன். பயப்படாத."

இடது கை இறங்கியது.

நான்காவது அடியில் தப்பு வந்தது. நிறுத்தினாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இந்த முறை தப்பு வரவில்லை. ஒன்று, இரண்டு என்று தாளச் சுற்றுகள் போய்க்கொண்டிருந்தன. காக்கை ஒன்று தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்கார்ந்தது.

சட்டென்று கையை மிருதங்கத்தின் மேல் வைத்துச் சத்தத்தை அமர்த்தினாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அப்பா, கேமரா ஆடுது," என்றாள்.