கையை எடுத்த பிறகு

"கைய எடும்மா" என்று சந்திரலேகா மூன்றாவது முறையாகச் சொன்னார்.

முத்தமிழின் இரண்டு கைகளும் மகனின் இடுப்பை விட்டு அசையவில்லை.

செம்பியனுக்கு இரண்டு வயது ஐந்து மாதம். எட்டு மாதம் நிறையும் முன்பே பிறந்தவன். முதல் நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். தலை நின்றது ஒன்பதாம் மாதத்தில். உட்கார்ந்தது ஒன்றே கால் வயதில். தனியாக ஒரு நொடிகூட நின்றதில்லை.

கால்களில் வலு வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்று சந்திரலேகாவுக்குத் தெரியும். வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கு அவர் பதினெட்டு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறார். எந்தக் குழந்தை எப்போது நிற்கும் என்று அவர் சொன்னால் பெரும்பாலும் ஒரு வாரம் முன்பின்னாக நின்றுவிடும்.

பையன் தயார். அம்மாவின் கைகள்தான் இன்னும் தயாராகவில்லை.

அந்தக் கைகளைக் குறை சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. விழிதியூரிலிருந்து வாரம் இரண்டு நாள், மழையானாலும் நடவானாலும், கணவன் மருதையனோடு பேருந்தில் வந்துவிடுகிறவள் முத்தமிழ். இந்தப் பயிற்சி மையத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படம் போட்ட பயிற்சித் தாள் ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். முத்தமிழ் முதல் நாளே அதை வேண்டாம் என்றுவிட்டாள். "என் கால்ல செஞ்சு காட்டுங்க மேடம், அது போதும்."

தன் காலில் ஒரு தடவை வாங்கியதை மகன் காலில் அப்படியே செய்தாள். அதே அழுத்தம், அதே நிதானம். போன மாதம் வலது குதிகால் நரம்பு இறுகத் தொடங்கியதைச் சந்திரலேகாவுக்கு முன்பே கண்டுபிடித்தது அவள் விரல்கள்தான்.

பையன் இன்னும் நடக்கலையா என்று ஊரில் யாராவது கேட்டால் அவளிடம் ஒரே பதில். "நடப்பான். தேதிதான் இன்னும் முடிவாகல."

தேதியைத் தள்ளிப்போடுவது யார் என்பது இப்போது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

பக்கத்து மெத்தையில் மகளைப் பெரிய பந்தின் மேல் படுக்கவைத்து உருட்டிக்கொண்டிருந்த நசீம் கேட்டாள். "என்னக்கா, பசை கிசை போட்டு ஒட்டிருக்கீங்களா?"

முத்தமிழ் சிரித்தாள். பிடி தளரவில்லை.

"விழுந்துட்டான்னா?"

"விழுவான். மெத்தைதானே? உன் கை அங்க இருக்குறவரைக்கும் அவன் இடுப்பு வேலையே செய்யாதும்மா. அதோட வேலையையும் நீயே செஞ்சுடுற."

அந்தச் சொல் வேலை செய்தது.

முதலில் சுண்டுவிரல் விலகியது. பிறகு மற்றவை, ஒவ்வொன்றாக. கடைசியில் உள்ளங்கைகளும் பிரிந்தன. அவற்றைத் தன் மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.

செம்பியன் முன்னே ஒருமுறை ஆடினான். பின்னே ஒருமுறை. வயிறு முன்னுக்கு வந்தது. கால்விரல்கள் மெத்தையைக் கவ்விக்கொண்டன.

நின்றான்.

சந்திரலேகா உதட்டில் விரலை வைத்து அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். அது அவருடைய பழக்கம். முதன்முதலாக நிற்கும் குழந்தையைத் தள்ளிவிட ஒரு கைதட்டல் போதும்.

நசீம் பந்தைப் பிடித்து நிறுத்தினாள். வாசலில் மருதையன் கைப்பேசியை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றான். பூவம் கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனார் தும்மலை அடக்கிக்கொண்டார்.

சந்திரலேகா விரல் மடக்கி எண்ணினார். ஐந்து. ஆறு. ஏழு.

எல்லா முகங்களிலும் சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தது. முத்தமிழின் முகத்தில் மட்டும் அது இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் யாருமே பேச மாட்டேங்குறீங்க? புள்ள எங்க?"

பிள்ளை அவளுக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

சந்திரலேகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முத்தமிழ் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். இரண்டு வருடமாக இந்த அறையில் நடப்பதையெல்லாம் அவளுக்கு வாய்விட்டே சொல்லிவந்திருக்கிறார். அவள் மகன் முதன்முதலாக நிற்கும்போது, பழக்கதோஷத்தில், எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார்.

சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் செம்பியன் முந்திக்கொண்டான். "ம்மா."

குரல் முத்தமிழின் முகத்துக்கு நேரே வந்தது. அந்த உயரத்திலிருந்து அவன் அவளைக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவள் கைகள் அவன் இடுப்பில் இருந்திருக்கின்றன. இப்போது இரண்டும் அவள் மடியில் இருந்தன.

கைகள் சட்டென்று முன்னே போயின. பாதி வழியில் நின்றன. மறுபடி மடிக்கே திரும்பின.

"சொல்ல வேணாங்க மேடம்" என்றாள். முகத்தைக் குரல் வந்த பக்கம் சரியாக வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம் கூப்புடு சாமி."