நாளுக்கு ஒரு வரி

நாலாயிரம் என்றாள்.

ஐந்து வருடத்துக்கும் சேர்த்து.

அவர் முகம் தானாகச் சுருங்கியது. ஈரோட்டில் முப்பது வருடம் ஜவுளிக்கடை நடத்தும் முகம். முதல் விலைக்கு அது எப்போதும் சுருங்கும்.

"செத்துப்போன பொண்டாட்டி எழுதினதுங்கம்மா. பார்த்துப் போடுங்க."

"அதனாலதான் நாலாயிரம்ங்ணா. கடைக் கணக்குன்னா ஆறு சொல்லியிருப்பேன்," என்றாள் லேப்டாப் ரிப்பேர் கடை நஸீமா.

மூவாயிரத்து இருநூறுக்குப் படிந்தது. அதற்குள் இரண்டு தடவை எழுந்துபோவதுபோல் காட்ட வேண்டியிருந்தது.

செத்த லேப்டாப்பிலிருந்து ஒரே ஒரு ஃபைல் பிழைத்திருந்தது.

கடைசி ஐந்து வருடம், தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி வசந்தாமணி அதில் ஏதோ தட்டுவாள். என்ன என்று அவர் கேட்டதில்லை.

நஸீமா திறந்தாள்.

மேலே தலைப்பு. 'இன்று இவர் என்னிடம் பேசியது. நாளுக்கு ஒரு வரி. கடைப் பேச்சு சேராது.'

அதை ஒட்டியே மீதி எல்லாம். பத்தி இல்லை, இடைவெளி இல்லை. ஒரு பேச்சின் வாலை அடுத்த பேச்சு கவ்விக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை ஒரே வரி.

ரசம் நல்லா இருக்கு என்றார் கால் வலி எப்படி என்றார் மழை வரும் துணியை எடு என்றார் அந்தப் பச்சைச் சேலை உனக்கு எடுப்பு என்றார்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

படிக்கப் படிக்க நெஞ்சு நிறைந்தது. இந்த மனுஷன் வாயே திறக்க மாட்டார் என்று ஊரெல்லாம் சொன்னாளே. எத்தனை பேசியிருக்கிறேன்.

"பாருங்கம்மா," என்றார். "மூச்சு விடாம பேசியிருக்கேன்."

"அது அப்படி இல்லைங்ணா. அவங்க லேப்டாப்புல வரி முடியறதுக்கு ஒரு குறி. என் பழைய மெஷினுக்கு வேற குறி. அவங்க எண்டர் தட்டினது இதுக்குத் தெரியலை. அதான் எல்லாம் ஒட்டிக்கிச்சு. இருங்க, பிரிச்சுத் தர்றேன்."

வேறொரு எடிட்டரில் திறந்தாள். கீழ் மூலையில் வரி முடிவு என்று ஒரு செட்டிங். மாற்றினாள்.

வரிகள் பிரிந்தன.

ரசம் மேலே நின்றது.

கால் வலி வெகு கீழே போய் விழுந்தது.

நடுவில் வெள்ளை.

அவர் சிரித்தார். தைத்த துணியில் கிழிசலைக் கண்டுபிடித்தவரின் சிரிப்பு.

"உங்க செட்டிங் சரியில்லைங்கம்மா. காலி விழுது."

"ஆகும்ங்ணா. சில நேரம் ஒரு எண்டரை ரெண்டா எண்ணிரும்."

அடுத்த செட்டிங்கை வைத்துப் பார்த்தாள். அதே வெள்ளை. மூன்றாவதை வைத்தாள். மறுபடி முதலாவது.

பிறகு மௌஸை விட்டுவிட்டு, விரலால் திரையைத் தொட்டு எண்ணினாள்.

இங்கே மூன்று காலி. அங்கே பதினொன்று. இரண்டு வரி ஒட்டி. அதன்பின் இருபத்தாறு.

"கோளாறுன்னா எல்லா வரிக்கும் ஒரே மாதிரி விழும்ங்ணா."

அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"இது கையால தட்டினது. எழுத ஒண்ணும் இல்லாத நாளுக்கு வெறும் எண்டர் தட்டியிருக்காங்க."



அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பேரம்.

"கழிவு இருக்குதுங்கம்மா. நான் சரக்கெடுக்க சூரத்துக்குப் போவேன். பத்து நாள், பதினஞ்சு நாள். வீட்டுலயே இல்லாதவன் எப்படிப் பேசுவான்? அந்தக் காலியெல்லாம் தள்ளிருங்க."

நஸீமா சூரத் என்று தேடினாள்.

அங்கே காலியே இல்லை.

சூரத்தில் குளிர் என்றார்.

ரூமில் கொசு என்றார்.

சப்பாத்தி தொண்டையில் இறங்கவில்லை, உன் கை ரசம் வேண்டும் என்றார்.

நாளைக்கு வந்துவிடுவேன் என்றார்.

ஒன்றன்கீழ் ஒன்று, இடைவெளி விடாமல் நின்றன. தினமும் ராத்திரி லாட்ஜிலிருந்து போன் செய்வார்.

'நாளைக்கு வந்துவிடுவேன்' என்பதற்குக் கீழே வெள்ளை தொடங்கியது. நஸீமா கீழே உருட்டினாள். உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அவர் வீட்டில் இருந்த நாட்கள் அவை.

கடைசி வரி, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று.

'பில் கட்டியாச்சு, கிளம்பலாம் என்றார்.'

அதையும் பேச்சில் சேர்த்திருந்தாள்.

அவர் பையைத் தோளில் மாட்டினார். இறக்கினார்.

"பிரிண்ட் எடுத்துக் குடுங்க."

"காலியை எடுத்துடறேன்ங்ணா. ஒரு கமாண்ட்தான். பத்துப் பக்கத்துல முடிஞ்சிரும். பக்கம் மூணு ரூபா."

"எடுக்காதீங்க."

"வெறும் தாள் வருமேங்ணா."

"வரட்டும். அவ எப்படி வெச்சிருந்தாளோ அப்படியே."

பிரிண்டர் ஓடியது. சில தாள்கள் எழுத்தோடு வந்தன. சிலவற்றின் அடியில் ஒற்றை வரி. சில, உள்ளே போனபடியே வெளியே வந்தன.

அவர் தாள்களை வாங்கி, துணி மடிப்பை எண்ணுவதுபோல் ஓரத்தை விரலால் பிரித்துப் பிரித்து எண்ணினார். எழுத்துள்ளவை இருபத்தெட்டு. வெள்ளை பத்தொன்பது.

"வெள்ளைக்கு வேண்டாம்ங்ணா," என்றாள் நஸீமா. "இருபத்தெட்டுக்குக் குடுங்க போதும்."

அவர் நாற்பத்தேழுக்கும் கொடுத்தார்.